புகை படியாத சிறகுகள்

பள்ளியில் உயிரியல் படித்தவர்கள் பலருக்கும் அந்த இரண்டு படங்கள் நினைவில் இருக்கும். ஒன்றில், மரப்பாசி படர்ந்த வெளிறிய அடிமரம். அதில் கறுப்பு அந்துப்பூச்சி ஒன்று பளிச்சென்று தெரியும். அருகிலேயே அமர்ந்திருக்கும் வெள்ளைப் பூச்சியையோ தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மற்றொன்றில், கரி படிந்த மரம். அங்கே வெள்ளை துலங்கும், கறுப்பு மறைந்துவிடும். படங்களுக்குக் கீழே இங்கிலாந்தின் தொழிற்புரட்சி பற்றி ஒரு பத்தி. தேர்வில் இதற்கு விடை எழுதும்போது நம்மில் பெரும்பாலோர் எழுதிய வாக்கியம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்: தொழிற்சாலைப் புகையால் மரங்கள் கறுத்தன, எனவே சூழலுக்கு ஏற்ப அந்துப்பூச்சிகள் தம் நிறத்தைக் கறுப்பாக மாற்றிக்கொண்டன. முழு மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும்.

அந்த விடை தவறு. சிறு பிழையும் அன்று. இயற்கைத் தேர்வு என்னும் கொள்கையின் உயிர்நாடியே அதில் அறுபட்டுப் போகிறது. எந்தப் பூச்சியும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கறுப்பாகக் கூட்டிலிருந்து வெளிவந்தது கறுப்பாகவே செத்தது. வெள்ளையாக வந்தது வெள்ளையாகவே செத்தது. மாறியது பூச்சியல்ல; பூச்சிக் கூட்டத்தில் இந்த நிறத்துக்கும் அந்த நிறத்துக்கும் இடையே இருந்த விகிதம்தான் மாறியது.

தமிழில் எழுதுகிற நமக்கு இதில் கூடுதலாக ஓர் இடர் உண்டு. 'கொள்' என்னும் துணைவினை, செய்பவரே தம் பொருட்டுச் செய்தார் என்ற பொருளை ஓசையின்றி ஏற்றிவிடுகிறது. காத்துக்கொண்டான், தேற்றிக்கொண்டாள் என்பது போலவே 'தகவமைத்துக்கொண்டது' என்றும் எழுதிவிடுகிறோம்; உடனே அங்கே எண்ணமும் முயற்சியும் உடைய ஒரு பூச்சி தோன்றிவிடுகிறது. 'பரிணாமம்' என்ற சொல்லும் இந்த மயக்கத்துக்குத் துணை நிற்பதே. சாங்கியத்தார் பரிணாமத்துக்குக் காட்டும் எடுத்துக்காட்டு, பால் தயிராவது. அங்கே ஒரே பொருள்தான் உருமாறுகிறது. டார்வின் சொன்னது அதுவன்று. இலங்கைப் பாடநூல்கள் 'கூர்ப்பு' என்கின்றன. அச்சொல்லில் இந்தச் சிக்கல் குறைவு என்றே தோன்றுகிறது. 'தேர்வு' என்றாலோ, தேர்பவர் ஒருவர் வேண்டுமே என்ற கேள்வி எழும். இந்தக் கேள்வி டார்வினுக்கே எழுப்பப்பட்டது. தம் நூலின் 1861-ஆம் ஆண்டுப் பதிப்பில், சொல்லின் நேர்ப்பொருளில் இது பொருந்தாத சொல்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஆக்கிய 'தக்கது தப்பிப் பிழைத்தல்' என்ற தொடரைக் கையாளும்படி வாலஸ் 1866-இல் கடிதம் எழுத, 1869-ஆம் ஆண்டுப் பதிப்பில் டார்வின் அதையும் சேர்த்தார். அத்தொடர் தமிழுக்கு வரும்போது 'வலியது வாழும்' என்றாகி, பழைய குழப்பம் போய்ப் புதிய குழப்பம் வந்தது. கறுப்புப் பூச்சிக்கு வெள்ளையைவிட வலிமை ஏதும் இல்லை. காக்கைக்கும் கொக்குக்கும் நிறத்தால் வலிமை கூடிக் குறைகிறதா என்ன?

கொள்கை உண்மையில் மிக எளியது. 1858 ஜூலை 1 அன்று இலண்டன் லின்னேயன் கழகத்தில் டார்வின், வாலஸ் இருவரின் எழுத்துகளும் ஒன்றாக வாசிக்கப்பட்டன. மறு ஆண்டு நவம்பரில் டார்வினின் நூல் வெளிவந்தது. அவற்றின் சாரம் இவ்வளவுதான். ஓர் இனத்தின் உயிர்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த வேறுபாடுகளில் சில பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகின்றன. பிறப்பவை அனைத்தும் பிழைத்து இனம்பெருக்குவதில்லை. பிழைப்பதற்கும் பெருக்குவதற்கும் அந்த வேறுபாடு சற்றேனும் உதவுமானால், அடுத்த தலைமுறையில் அவ்வேறுபாட்டை உடையவை சற்று மிகுந்திருக்கும். அதற்கடுத்த தலைமுறையில் இன்னும் சற்று. இதில் எவருடைய விருப்பத்துக்கும் இடமில்லை. வேறுபாடு தேவை கருதித் தோன்றுவதும் இல்லை. அது தற்செயலாய் முன்பே தோன்றியிருக்கிறது. சூழல் அதைப் படைப்பதில்லை, சலிக்கிறது. அவ்வளவே.

ஆனால் இதைக் கண்முன் நடக்கக் கண்டவர் எவர்? டார்வின் காணவில்லை. இயற்கைத் தேர்வு மிக மெல்ல நிகழ்வது, யுகங்கள் கழிந்த பிறகே அதன் விளைவு நம் கண்ணுக்குப் புலப்படும் என்றே அவர் எண்ணினார். அவர் தம் இல்லத்தில் அமர்ந்து அப்படி எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான், மான்செஸ்டரைச் சுற்றியிருந்த தோப்புகளில் அது விரைந்து நடந்துகொண்டிருந்தது.

பிஸ்டன் பெட்டுலாரியா என்பது அந்தப் பூச்சியின் அறிவியற்பெயர். வெள்ளைச் சிறகில் மிளகுப்பொடி தூவினாற்போலப் புள்ளிகள் இருப்பதால் ஆங்கிலத்தில் பெப்பர்டு மாத் என்பார்கள். நாம் மிளகு அந்துப்பூச்சி என்றே வைத்துக்கொள்வோம். இரவில் பறக்கும், பகலெல்லாம் மரத்தில் அசையாமல் ஒட்டிக் கிடக்கும். ஆண்டுக்கு ஒரே ஒரு தலைமுறை. அந்த நாட்டில் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துகளையும் பிடித்துப் பெட்டியில் குத்திவைப்பது பாதிரியார்கள் முதல் நெசவாலைத் தொழிலாளர்கள் வரை பலருக்கும் பொழுதுபோக்காக இருந்தது. அப்படிப்பட்ட ஒருவரான எடில்ஸ்டன் 1848-இல் மான்செஸ்டரில் கரிக்கட்டை போன்ற மிளகு அந்துப்பூச்சி ஒன்றைப் பிடித்தார். அதைப் பற்றி அவர் அச்சில் எழுதியது 1864-இல். அதற்குள் கறுப்பு அங்கே அரிய பொருளாக இருக்கவில்லை. 1895-இல் மான்செஸ்டர்ப் பகுதியில் நூற்றுக்கு 98 பூச்சிகள் கறுப்பு. ஐம்பது ஆண்டுகள்கூட முழுமையாகக் கழியவில்லை. அதாவது, ஐம்பது தலைமுறைகள்கூட ஆகவில்லை.

டார்வினுக்கு இப்படி ஒரு செய்தி எட்டாமலே போய்விடவில்லை என்பதுதான் வியப்பு. ஆல்பர்ட் ஃபார்ன் என்ற பூச்சி ஆர்வலர் 1878 நவம்பர் 18 அன்று அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வேறொரு அந்துப்பூச்சியைப் பற்றியது அது. கரிமண் நிலத்தில் அது ஏறக்குறையக் கறுப்பு, களிமண்ணில் பழுப்பு, லூயிஸ் நகரின் சுண்ணாம்புக் குன்றுகளில் ஏறக்குறைய வெள்ளை. ஆனால் அதே குன்றுகளில் சுண்ணாம்புக் காளவாய்களின் புகை படிந்து கறுத்த சரிவில் மட்டும் கரிய பூச்சிகள் மிகுந்து வருகின்றன; இது தக்கது பிழைப்பதற்கு எடுத்துக்காட்டாகுமா என்று அவர் கேட்டிருந்தார். ஆகும் என்பதே விடை. டார்வினின் வாழ்நாளில் அவர் கொள்கைக்குக் கிடைத்த மிகச் சிறந்த கண்கூடான சான்றுகளுள் ஒன்று அது. டார்வின் 1882-இல் மறைந்தார். அந்தக் கடிதம் அவருடைய தாள்களுக்கிடையே கிடந்தது. ஊர் பேர் தெரியாத ஆர்வலர்களின் கடிதங்களைப் படித்து முடிக்க நேரமின்றிப் போவது பெரியவர்கள் எல்லோருக்கும் நேர்வதுதான் போலும்.

மிளகு அந்துப்பூச்சிக்கு முதலில் விளக்கம் எழுதியவர் டட். ஆலைப் பகுதிகளில் கந்தகப் புகையால் மரப்பாசி செத்தது, கரியால் மரப்பட்டை கறுத்தது, வெள்ளைப் பூச்சிகளைப் பறவைகள் எளிதில் கண்டு கொத்தின, கறுப்பு தப்பியது என்று 1896-இல் அவர் எழுதினார். இன்று நாம் சொல்லும் விளக்கமும் அதுவே. ஆனால் அன்று பலர் அதை ஏற்கவில்லை. பறவைகள் மரத்தில் ஒட்டிக்கிடக்கும் பூச்சியைக் கொத்தித் தின்பதைத் தாம் கண்டதில்லை என்று பூச்சியியலாரும் பறவை நோக்குவோரும் சொன்னார்கள். போட்டி விளக்கம் ஒன்றும் எழுந்தது. ஹெஸ்லப் ஹாரிசன் என்பவர் 1920-களில், ஈய உப்பும் மாங்கனீசு உப்பும் ஊட்டிய இலைகளைத் தின்ற புழுக்களிலிருந்து கரிய பூச்சிகள் வந்தன, அந்தக் கறுப்பு அடுத்த தலைமுறைக்கும் சென்றது என்று அறிவித்தார். நமது தேர்வு விடையின் அறிவியல் வடிவம் என்று இதைச் சொல்லலாம்: புகை, பூச்சியை நேரடியாகவே கறுக்கச் செய்கிறது. பிறர் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை.

இதற்கிடையில், 1924-இல், ஜே.பி.எஸ். ஹால்டேன் ஒரு கணக்குப் போட்டார். கறுப்பு நிறம் ஓங்கு பண்பு. பெற்றோருள் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், வெளித்தெரியும். ஐம்பது சொச்சம் தலைமுறைக்குள் நூற்றுக்கு ஒன்றாக இருந்தது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதாக வேண்டுமானால் கறுப்புக்கு எவ்வளவு அனுகூலம் இருந்திருக்க வேண்டும்? வெள்ளைப் பூச்சி இரண்டு வாரிசுகளை விட்டுச்செல்லும் இடத்தில் கறுப்புப் பூச்சி மூன்றை விட்டுச்சென்றிருக்க வேண்டும் என்று விடை வந்தது. அன்றைய உயிரியலாளர்கள் கற்பனை செய்திருந்ததைவிட இது மிகப் பெரிய அளவு. ஆனால் இதன் ஆற்றலை விளங்கிக்கொள்ள உயிரியல் தேவையில்லை, கூட்டுவட்டி தெரிந்தால் போதும். மரபியல் நுணுக்கங்களை ஒதுக்கிவைத்துத் தோராயமாகப் பார்ப்போம். ஆயிரம் வெள்ளைக்கு ஒரு கறுப்பு என்று தொடங்கி, அந்த விகிதம் ஆண்டுக்கு ஒன்றரை மடங்காக ஏறினால், பதினேழே ஆண்டுகளில் இரண்டும் சமமாகிவிடும். முதல் ஐந்தாறு ஆண்டுகளில் எவர் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. கந்துவட்டிக்காரரிடம் சிக்கிய குடும்பமும் முதல் சில மாதங்கள் ஒன்றும் அறிவதில்லை.

இந்த ஹால்டேன்தான் 1957-இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தவர். இந்தியக் குடிமகனாகி, புவனேசுவரத்தில் 1964 டிசம்பர் 1 அன்று மறைந்தவர். அவர் விருப்பப்படி அவர் உடல் காக்கிநாடாவின் ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே நமக்கு வேண்டியது அவருடைய எண் மட்டும். காகிதத்தில் போட்ட அந்தக் கணக்கைக் காட்டில் சரிபார்க்க இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

சரிபார்த்தவர் பெர்னார்டு கெட்டில்வெல். மருத்துவராக இருந்தவர், பூச்சிப் பித்தர். ஆக்ஸ்ஃபோர்டில் ஈ.பி. ஃபோர்டு என்னும் மரபியல் அறிஞர் அவரை இந்த வேலைக்கு அமர்த்தினார். 1953-இல் பர்மிங்காம் அருகே கரி படிந்த ஒரு காப்புத் தோப்பில் அவர் சோதனையைத் தொடங்கினார். முறை எளியது. ஆண் பூச்சிகளின் சிறகின் அடிப்பக்கத்தில், பறவையின் கண்ணில் படாதவாறு, ஒரு பொட்டு வண்ணம் வைப்பது. காலையில் மரங்களில் அவற்றை விடுவது. அன்றிரவும் அடுத்த இரவுகளிலும் விளக்குப் பொறிகளாலும் பெண் பூச்சிகளின் மணத்தாலும் ஈர்த்து மீண்டும் பிடிப்பது. திரும்பக் கிடைத்தவற்றில் எந்த நிறம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால், கிடைக்காமற் போனவற்றின் கதையும் அதில் இருக்கும்.

விட்ட கறுப்புப் பூச்சிகள் 447; திரும்பக் கிடைத்தவை 123. வெள்ளை 137, திரும்பக் கிடைத்தவை 18. அதாவது கறுப்பில் நூற்றுக்கு 27-க்கு மேல், வெள்ளையில் 13 மட்டுமே. ஆனால் இது மட்டும் போதாதென்று கெட்டில்வெல் உணர்ந்திருந்தார். வெள்ளைப் பூச்சிகள் விளக்கை நாடாதவையாகவோ, தொலைதூரம் பறந்துவிடுபவையாகவோ இருக்கலாமே? எனவே 1955-இல் அதே சோதனையைப் புகையறியாத டார்செட் மாவட்டக் காட்டில் செய்தார். அங்கே எண்கள் தலைகீழாயின. கறுப்பு 473-இல் 30 மட்டும் திரும்பின; வெள்ளை 496-இல் 62. நூற்றுக்கு 6-க்கு எதிராக 12. ஒரே பூச்சி, ஒரே முறை, ஒரே மனிதர். மரத்தின் நிறம் மட்டும் வேறு. அறிவியல் வரலாற்றில் இத்தனை எளிய, இத்தனை அழகான சோதனைகள் குறைவு என்றே நாம் கருதுகிறோம். அதே ஆண்டில் விலங்கு நடத்தை அறிஞர் நிக்கோ டின்பெர்கன், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், மறைவிடத்தில் அமர்ந்து பறவைகள் பூச்சிகளைக் கொத்துவதைப் படமெடுத்தார். டார்செட்டில் அப்படிக் கண்ட 190 உண்ணல்களில் 164 கறுப்பு, 26 வெள்ளை. பறவைகள் இப்பூச்சிகளைத் தின்பதில்லை என்ற பேச்சு அத்துடன் ஓய்ந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தாலே பாடநூலுக்குப் போதும். ஆனால் இங்கிலாந்து அரசு, தான் அறியாமலே, மறுதிசைச் சோதனை ஒன்றையும் செய்துவைத்தது. 1952 டிசம்பரில் இலண்டனைக் கவ்விய நச்சுப்புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன் விளைவாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரிப் புகை குறையக் குறையக் கறுப்புப் பூச்சியும் குறைந்தது. லிவர்பூல் அருகே தம் வீட்டிலேயே பொறி வைத்து ஆண்டுதோறும் எண்ணிக்கொண்டிருந்தவர் சர் சிரில் கிளார்க். தாய்க்கும் சேய்க்கும் இடையிலான ரீசஸ் இரத்த ஒவ்வாமையைத் தடுக்கும் ஊசியை உருவாக்கிய குழுவின் தலைவர் இவரே. அவர் கணக்குப்படி 1959-இல் நூற்றுக்கு 93 கறுப்பு, 1985-இல் 53, 1994-இல் இருபதுக்கும் கீழே. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்திலும் அதே காலத்தில் அதே இனத்தில் தொண்ணூறுக்கு மேலிருந்தது இருபதாக இறங்கியது. ஏறும்போது எந்த விதியோ இறங்கும்போதும் அதே விதி. கறுப்பு 'மேம்பட்ட' பூச்சி அன்று, வெள்ளை 'பின்தங்கிய' பூச்சியும் அன்று. பரிணாமம் என்றால் மேலேறும் படிக்கட்டு என்று நினைப்பவர்கள் இந்தப் படிக்கட்டில் சற்று நின்று பார்க்கலாம்.

இனி, நாம் சொல்ல நினைத்த இடத்துக்கு வருகிறோம்.

1998-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மஜெரஸ் பூச்சிகளின் கருநிறம் பற்றி விரிவானதொரு நூல் எழுதினார். நேர்மையான நூல். கெட்டில்வெல் செய்ததில் இருந்த குறைகளையெல்லாம் அதில் அவர் ஒளிக்காமல் அடுக்கியிருந்தார். அவர் பூச்சிகளைப் பகலில் விட்டார். அவை தாமாக இடம் தேர இரவு வாய்க்கவில்லை. சிறிய இடத்தில் அளவுக்கு மீறி நெருக்கமாக விட்டார்; பறவைகளுக்கு அது பந்தி விரித்ததுபோல் ஆகியிருக்கலாம். காட்டில் பிடித்தவற்றையும் கூண்டில் வளர்த்தவற்றையும் கலந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, பூச்சிகள் இயல்பாக அடிமரத்தில்தான் அமர்கின்றன என்று எடுத்துக்கொண்டார். அவை கிளைகளின் அடியிலும் கவைகளிலும் மறைந்து கிடப்பதே மிகுதி என்று வேறு சிலர் கண்டிருந்தார்கள். பாடநூல்களில் நாம் பார்த்த படங்களோ, பெரும்பாலும் செத்த பூச்சிகளை மரத்தில் குத்தியும் ஒட்டியும் எடுத்தவை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஆயினும் பறவைகளே காரணம் என்ற அடிப்படை முடிவு சரியே என்றுதான் மஜெரஸ் எழுதியிருந்தார்.

படித்தவர்கள் முதற்பாதியை எடுத்துக்கொண்டார்கள். ஜெர்ரி காயன் என்ற புகழ்பெற்ற பரிணாம அறிஞர் நேச்சர் இதழில் எழுதிய மதிப்புரையில், கிறிஸ்துமஸ் பரிசுகளைக் கொண்டுவருவது தந்தையே என்று சிறுவயதில் தெரிந்தபோது உண்டான ஏமாற்றத்தோடு தம் மனநிலையை ஒப்பிட்டார்; இந்த எடுத்துக்காட்டை இப்போதைக்கு ஒதுக்கிவைக்க வேண்டும் என்றும் எழுதினார். பரிணாமக் கொள்கையையே எதிர்ப்பவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆய்வாளரே ஒத்துக்கொண்டார், படம் பொய், ஆகவே கொள்கையும் பொய் என்று பரப்பினார்கள். 2002-இல் ஜூடித் ஹூப்பர் என்னும் எழுத்தாளரின் நூல், கெட்டில்வெல் எண்களைத் திருத்தினாரோ என்னும் ஐயத்தையே கிளப்பியது. 1953 ஜூலை முதல் நாளையொட்டி அவருக்குத் திரும்பக் கிடைத்த பூச்சிகளின் எண்ணிக்கை திடீரென உயர்ந்ததே, ஃபோர்டுக்கு அஞ்சியா என்று அது கேட்டது. கெட்டில்வெல் 1979-இலேயே இறந்துவிட்டார். விடை சொல்ல அவர் இல்லை. பின்னர் ஏடுகளைப் புரட்டிய வரலாற்றாளர்கள் கண்டது மிகச் சாதாரணமான ஒரு காரணம்: அந்நாள்களில் அவர் விட்ட பூச்சிகளே அதிகம். அதிகம் விட்டால் அதிகம் திரும்பும்.

காயனின் குறைகூறலையும் ஹூப்பரின் குற்றச்சாட்டையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. சோதனை சரியாக அமையவில்லை என்பது ஒன்று. செய்தவர் ஏமாற்றினார் என்பது வேறொன்று. முன்னதற்கு மறுமொழி இன்னொரு சோதனை. பின்னதற்கு, இறந்துபோன மனிதரின் பெயரைப் பொறுத்தவரை, எளிதில் மறுமொழி கிடையாது. படங்களைப் பொறுத்தவரை குற்றம் பாடநூல் எழுதியவர்களுடையது என்போம். அவை விளக்கப்படங்கள். சான்று எனப்படுவது திரும்பி வந்த பூச்சிகளின் எண்ணிக்கை. சான்றை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் அச்சிட்டதால், படம் விழுந்தபோது எல்லாமே விழுந்ததுபோல் தோன்றியது.

தம் நூல் இப்படிப் பயன்பட்டதைக் கண்ட மஜெரஸ் மறுப்புக் கட்டுரைகளோடு நிற்கவில்லை. பூச்சிகளை எண்ணத் தொடங்கினார். கேம்பிரிட்ஜ் பகுதியில் ஏறக்குறைய ஒரு ஹெக்டேர் பரப்புள்ள நாட்டுப்புறத் தோட்டத்தில், 2001-இல் தொடங்கி 2007 வரை அந்தச் சோதனை நடந்தது. முதலில் மரங்களில் ஏறித் தேடினார். தாமாக அமர்ந்திருந்த 135 பூச்சிகளைக் கண்டார். அவற்றில் பாதிக்குச் சற்று மேல் கிளைகளில், மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல் அடிமரத்தில், எஞ்சியவை சுள்ளிகளில். ஆக, அடிமரத்தில் அமர்வதே இல்லை என்ற பேச்சும் மிகையே. பிறகு, பூச்சிகள் இயல்பாக அமரும் அத்தகைய இடங்களில் அந்திப்பொழுதில் கிளைகளைச் சுற்றி வலையுறை கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சியை விட்டார். இரவில் அது தனக்கு வேண்டிய இடத்தில் அமரும். விடியுமுன் உறையைக் கழற்றிவிடுவார். கதிரெழுந்து நான்கு மணி நேரம் கழித்துச் சென்று பார்ப்பார். இல்லாவிட்டால், உண்ணப்பட்டது என்று கணக்கு. அதோடு நில்லாமல் தொலைநோக்கியோடு அமர்ந்து காவல் காத்தார். மறைந்த பூச்சிகளில் நான்கிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்டவற்றைப் பறவைகள் கொத்துவதைத் தம் கண்ணாலேயே கண்டார். ஒன்பது வகைப் பறவைகள். கோடைதோறும், விடியற்காலை தவறாமல், நெருக்கமின்றிச் சிலவாக விட்டு, மொத்தம் 4,864 பூச்சிகள். வௌவால்கள் இரவில் நிறம் பார்த்து உண்கின்றனவோ என்ற ஐயத்தையும் தனியே சோதித்தார்; வௌவாலுக்கு எல்லா நிறமும் ஒன்றே.

புகையற்ற அந்தத் தோட்டத்தில் கறுப்பே அதிகம் உண்ணப்பட்டது. அங்கே 2001-இல் நூற்றுக்கு 12 என்றிருந்த கறுப்பு 2007-இல் ஒன்றை ஒட்டி வந்துவிட்டது. பறவைகள் காட்டிய வேறுபாடு அந்த வீழ்ச்சியை விளக்கப் போதுமானதாக இருந்தது. 2007 ஆகஸ்டில் சுவீடனின் உப்சாலா நகரில் நடந்த மாநாட்டில் மஜெரஸ் தம் முடிவுகளை வெளியிட்டார். கட்டுரையாக எழுதி முடிக்குமுன் நோய் முந்திக்கொண்டது. 2009 ஜனவரியில், 54-ஆம் வயதில், நுரையீரல் உறையைத் தாக்கும் புற்றுநோயால் இறந்தார். அவர் விட்டுச்சென்ற எண்களைக் குக், கிராண்ட், சச்செரி, மாலட் ஆகிய நால்வர் மீண்டும் கணக்கிட்டு 2012-இல் வெளியிட்டனர். ஒதுக்கிவைக்கச் சொன்ன காயனும் அதன்பின் தம் ஐயம் தீர்ந்ததாக எழுதினார். நமக்கு மஜெரஸின் மேல் தனிப்பட்ட மதிப்பு உண்டாவது இங்கேதான். தமக்குப் பிடித்த முடிவின் குறைகளை முதலில் எழுதியவரும் அவரே; அக்குறைகளை நீக்க ஆறேழு கோடைகளைச் செலவிட்டவரும் அவரே.

'இவ்வளவுக்குப் பிறகும் பூச்சி பூச்சியாகத்தானே இருக்கிறது, புதிய உயிரினம் எங்கே தோன்றிற்று?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இந்தப் பூச்சி புதிய இனத்தின் தோற்றத்துக்குச் சான்றாக என்றுமே காட்டப்பட்டதன்று. இயற்கைத் தேர்வு என்ற பொறி உண்மையில் இயங்குகிறதா, எவ்வளவு வேகத்தில் இயங்குகிறது என்பதற்கே அது சான்று. புதிய இனங்கள் பிரிவது பற்றிய சான்றுகள் வேறு பல. அவை வேறொரு கட்டுரைக்கு.

கறுப்பு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் எஞ்சியிருந்தது. லிவர்பூலில் சச்செரியின் குழு அதை அணுஅணுவாகத் தேடியது. பிரிட்டனில் உள்ள கறுப்புப் பூச்சிகள் அனைத்துக்கும் மூலம் ஒன்றே என்று 2011-இல் தெரிந்தது. 2016-இல் அந்த இடத்தையே காட்டிவிட்டார்கள். மரபிழையில் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் உண்டு. 21,925 எழுத்து நீளமுள்ள அப்படியொரு துண்டு 'கார்டெக்ஸ்' என்னும் மரபணுவுக்குள் தாவி அமர்ந்திருக்கிறது. அதுதான் கறுப்பு. எப்போது நடந்தது? அவர்கள் மதிப்பீட்டின்படி, பெரும்பாலும் 1819-ஐ ஒட்டி. எடில்ஸ்டன் பிடிப்பதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், ஏதோ ஒரு தோப்பில், ஏதோ ஒரு பூச்சிக்கு அது நேர்ந்திருக்கிறது. புகை கேட்டு அது நேரவில்லை. புகையில்லாத நாட்டில் நேர்ந்திருந்தால் அந்தப் பூச்சியின் வழிவந்தவை பறவை வயிற்றில் போயிருக்கும். அதற்கு முன் அப்படிப் போனவை எத்தனையோ.

கடைசியாக ஒன்று. மிளகு அந்துப்பூச்சியின் புழு, சுள்ளியைப் போலவே விறைத்து நிற்கும்; பச்சைச் சுள்ளியில் வளர்ந்தால் பச்சையாகவும் பழுப்புச் சுள்ளியில் வளர்ந்தால் பழுப்பாகவும் ஆகிவிடும். கண்ணால் பார்த்துத்தான் அப்படி ஆகிறதோ என்று, புழுவின் கண்களைக் கறுப்பு வண்ணம் பூசி மறைத்துப் பார்த்தார்கள். அப்போதும் சுள்ளியின் நிறமே புழுவுக்கும் வந்தது. தோலாலேயே அது நிறத்தை உணர்கிறது என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறகு முளைத்த பிறகு இந்த வித்தை அதற்கு இல்லை. எனவே 'சூழலுக்கு ஏற்ப நிறத்தை மாற்றிக்கொண்டது' என்று நாம் அன்று தேர்வில் எழுதியதைப் பூச்சியிடமிருந்து எடுத்து அதன் புழுவுக்குக் கொடுத்துவிடலாம்.